ஆளைத் தெரியும், களவைத் தெரியாது

மன்னார்த் தீவின் கரையோர ஊர்களில் களவு என்றால் பெரும்பாலும் கடற்றொழிலோடு சேர்ந்த களவுதான். கீரியிலும் தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும் ஒரு குடும்பத்தின் ஆகப் பெறுமதியான பொருள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடப்பதில்லை. மணலில் ஏற்றிவிட்ட படகின் பின்பக்கத்து எஞ்சினாக, கரையில் குவித்து மூடிவைத்த வலையாக அது வெட்டவெளியில்தான் இருக்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புது எஞ்சினின் விலை சாதாரணத் தொழிலாளிக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. பழைய எஞ்சினுக்கும் அதன் உதிரிப்பாகங்களுக்கும் அதனாலேயே கிராக்கி கூடியது. பலர் இரவில் அதைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அசதியில் ஒருநாள் விட்டுவிட்டுப் போனது விடியலில் இல்லை, பலகையில் கிளாம்பு இறுக்கிய பள்ளம் மட்டும் இருக்கிறது என்றால், சூரியன் ஏறுவதற்குள் கரையில் ஒரு பெயர் அடிபடத் தொடங்கிவிடும். பறிகொடுத்தவர் பொலிஸ் நிலையத்துக்குப் புறப்படுவதற்கு முன்பே அந்தப் பெயர் ஊரைச் சுற்றி வந்துவிடும். நான் எழுத நினைப்பது அந்தப் பெயரைப் பற்றி. அது எப்படி உண்டாகிறது, அதை வைத்துக்கொண்டு அயலவர்கள் தாங்களே கை நீட்டினால் என்ன ஆகிறது என்பதற்கு நமக்குள்ளேயே போதிய நினைவுகள் உண்டு. அவற்றை மறந்துவிட்டுப் பேசுவதுதான் வழக்கமாகிவிட்டது.

சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் தூளுக்கு அடிமை, யாருக்கு எங்கே கடன், யாருடைய தகப்பன் எந்தக் காலத்தில் யாருடைய ஆட்டைப் பிடித்தான் என்பதெல்லாம் மூன்று தலைமுறைக் கணக்காக ஊரின் மனதில் பதிந்திருக்கும். இந்த அறிவு பொய்யில்லை. ஒரு வெளியூர் உத்தியோகத்தர் பத்து வருடம் இருந்தாலும் அறிய முடியாத விஷயங்கள் கிணற்றடியில் நிற்கிற ஒருவருக்குத் தெரிந்திருக்கும். கோளாறு எங்கே என்றால், இது ஆளைப் பற்றிய அறிவு. நேற்று இரவு நடந்த செயலைப் பற்றி இதற்குள் ஒன்றுமே கிடையாது. “அவன்தான் செய்திருப்பான்” என்று சொல்கிறபோது ஊர் தன் நினைவை வாசிக்கிறது, இரவில் நடந்ததை அது பார்க்கவில்லை. அந்த வாசிப்பு பலமுறை சரியாகவும் இருந்திருக்கும். அதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது. முன்பு ஐந்து தடவை பிடிபட்ட பெடியன் ஆறாவது களவுக்கும் சொந்தக்காரன் ஆகிவிடுகிறான். அதைத் தெரிந்த வேறொருவன், தான் செய்த களவை அவன் தலையில் வைத்துவிட்டுக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கலாம். சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கள்ளன் என்று காட்டிக்கொடுத்த பொற்கொல்லன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன் என்பதைத் தமிழ் படித்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. சத்தமாகக் குற்றம் சாட்டுகிறவருக்கும் சொந்தக் காரணம் இருக்கலாம் என்று சந்தேகிக்க ஒரு ஏற்பாடு வேண்டும். கொதித்துக்கொண்டிருக்கிற ஒழுங்கைக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

சட்டம் அயலவரைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு, சாதாரணக் குடிமகனும் ஒருவரைப் பிடிக்கலாம் என்கிறது. தன் கண்முன்னே பிடியாணையில்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றம் செய்பவரை, அல்லது அப்படிச் செய்துவிட்டு ஓடுகிறார் என்று நியாயமாகச் சந்தேகிக்கக்கூடியவரைப் பிடித்து, தாமதமில்லாமல் பொலிஸாரிடம் கையளிக்க வேண்டும். அவ்வளவுதான் அந்த அதிகாரம். நேற்று நடந்த களவுக்கு இன்று ஒருவனை அவன் வீட்டிலிருந்து இழுத்துவருவதற்கு அதில் இடமில்லை, மரத்தில் கட்டி விசாரிப்பதற்கும் இல்லை. 1883ஆம் ஆண்டிலிருந்து நம்மோடு இருக்கிற தண்டனைச் சட்டக்கோவையும் சொத்தைக் காப்பதற்குத் தற்காப்புரிமை தருகிறது. இரவில் வீடு உடைத்து நுழைகிறவனை எதிர்க்கும்போது அந்த உரிமை வெகுதூரம் நீளும். ஆனால் அரச அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்றும், தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது என்றும் அதே சட்டக்கோவை எல்லை போடுகிறது. களவு முடிந்து கள்ளன் போய்விட்ட மறுநாள் காலை, அவகாசம் இருக்கிற நேரம். அந்தக் காலையில் ஐந்து பேர் சேர்ந்து ஒருவனைத் தேடிப் புறப்பட்டால் அவர்கள் சட்டவிரோத ஒன்றுகூடலின் உறுப்பினர்கள் ஆகிறார்கள். ஒருவர் அடித்த அடிக்கு ஐந்து பேரும் பதில் சொல்ல நேரிடும். “நான் தொடவே இல்லை, சும்மா கூடப்போனேன்” என்ற வார்த்தை அங்கே பெரிதாக எடுபடாது.

இன்னொரு சட்டம் இதைவிடக் கவனிக்கத்தக்கது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி, சந்தேகநபர் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆங்கிலேயர் காலத்திலேயே, அவர்களுடைய சொந்தப் பொலிஸை அவர்களே நம்பாமல் எழுதிவைத்த விதி இது. அடித்தால் எந்த வாயும் திறக்கும், திறந்த வாயிலிருந்து உண்மைதான் வரும் என்பதற்கு உறுதியில்லை என்ற பழைய பட்டறிவு அதற்குள் இருக்கிறது. பயிற்சியும் மேலதிகாரியும் பதிவேடும் உள்ள பொலிஸுக்கே இந்த அவநம்பிக்கை என்றால், பனைமட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நாலு பேர் வாங்கிய ஒப்புதலுக்கு என்ன பெறுமதி? அதற்குப் பிறகு முறையாக வழக்குப் போட்டாலும், அடிபட்ட சந்தேகநபரின் காயமே எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் கிடைத்த முதல் ஆயுதம். கள்ளனே என்றாலும், அடித்த ஊர்தான் அவனுக்கு வெளியே வரக் கதவு திறந்துவிடுகிறது.

2011 ஓகஸ்ட் மாதத்தை மறந்தவர்கள் வடக்கு கிழக்கில் குறைவாகத்தான் இருப்பார்கள். கிறீஸ் பூதம், கிறீஸ் மனிதன், மர்ம மனிதன் என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயர். உடம்பெல்லாம் கிறீஸைப் பூசிக்கொண்டு இரவில் பெண்கள் இருக்கிற வீடுகளுக்குள் நுழைகிறான் என்ற பேச்சு மலையகத்திலிருந்து கிழக்குக்கும் அங்கிருந்து வடக்குக்கும் பரவியது. பொழுதுபட்டால் பெண்கள் தனியாக முற்றத்துக்கு வரத் தயங்கினார்கள், ஆண்கள் பொல்லோடு விழித்திருந்தார்கள். அதற்குள் உண்மையான அத்துமீறல்கள் சில இருந்திருக்கலாம். அதை இன்றும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அந்த மாதத்தில் செத்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஹப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கிறீஸ் மனிதர்கள் என்று சொல்லி இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். புத்தளத்தில் கொதித்தெழுந்த கூட்டத்தின் கையில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மர்ம மனிதர்கள் இராணுவ முகாமுக்குள் ஓடி மறைந்தார்கள் என்று மக்கள் திரண்டார்கள். அதே இரவு படையினர் வீடு வீடாகப் புகுந்து ஆண்களை இழுத்து அடித்தார்கள். நூறு பேருக்கு மேல் காயங்களோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும், கிறீஸ் பூசிய அந்த மனிதனை எந்தக் கூட்டமும் பிடித்து நிரூபித்ததாக நினைவில்லை. கூட்டம் தேடிய ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த ஆள்கள் அடிபட்டார்கள்.

அதற்கும் முன்னே போனால், தமிழருக்கு இந்த விஷயத்தில் பாடம் எடுக்க வெளியிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. 1980களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பொலிஸ் நிலையங்கள் ஒடுங்கிப்போன நாட்களில், கள்ளர் என்றும் ‘சமூகவிரோதி’ என்றும் சொல்லப்பட்டவர்களை ஆயுத இயக்கங்கள் சுட்டு மின்கம்பத்தில் கட்டிவிட்டுப் போயின. குற்றச்சாட்டை எழுதிய அட்டை கழுத்தில் தொங்கும். காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதை வாசித்துக்கொண்டு போனார்கள். அப்போது கைதட்டியவர்கள் கணிசமானவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. களவு குறைந்தது, இரவில் கதவைத் திறந்துவைத்துத் தூங்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அட்டையில் எழுதியது உண்மையா என்று கேட்க வழியில்லை, கேட்டவர் அடுத்த கம்பத்துக்கு உரியவர் ஆகலாம். மெல்ல மெல்ல அந்தக் கம்பத்துக்குக் கள்ளர் மட்டும் போகவில்லை. மாற்றுக் கருத்துக்காரரும் போட்டி இயக்கத்தவரும் யாரோ ஒருவரின் சொந்தப் பகையும் அங்கே போய்ச் சேர்ந்தன. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 1990களின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகளே தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் சீருடை அணிந்த காவல்துறையை உருவாக்கினார்கள், நீதிமன்றங்களும் சட்டத் தொகுப்பும் வைத்தார்கள். அந்த அமைப்புகள் எவ்வளவு நியாயமாக இயங்கின என்பது வேறு விவாதம். கையில் முழு அதிகாரமும் துவக்கும் வைத்திருந்த ஒரு இயக்கத்துக்குக்கூட, முறைப்பாட்டை எழுதிக்கொள்ள ஒரு மேசையும், சாட்சியைக் கேட்க ஓர் ஆளும், தீர்ப்புச் சொல்ல இன்னோர் ஆளும் தேவைப்பட்டது. மின்கம்பத்தை வைத்துக்கொண்டு ஊரை நடத்த முடியவில்லை.

சொத்துக் குற்றம் என்ற சிறிய வட்டத்துக்குள்ளேயே நின்றாலும் கண்முன் ஒரு வழக்கு இருக்கிறது. கேரளத்தின் அட்டப்பாடியில் மது என்ற ஆதிவாசி இளைஞன் கடைகளில் அரிசியும் சமையல் சாமான்களும் எடுத்தான் என்று குற்றம் சாட்டினார்கள். மனநலம் சரியில்லாமல் வீட்டை விட்டுக் காட்டுக்குள் இருந்தவன். 2018 பெப்ரவரி 22ஆம் திகதி ஊர்க்காரர்கள் காட்டுக்குள் போய்த் தேடிப் பிடித்து, கையைக் கட்டி, அடித்து நடத்திக்கொண்டு வந்தார்கள். வழியில் சிலர் அவனோடு சேர்ந்து படம் எடுத்தார்கள். பிறகு பொலிஸிடம் ஒப்படைத்தார்கள், பொலிஸ் வாகனத்திலேயே அவன் இறந்தான். ‘நாலு தட்டுத் தட்டிவிட்டுப் பொலிஸிடம் கொடுத்தால் என்ன’ என்று கேட்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அவர்களும் கடைசியில் பொலிஸிடம்தான் கொடுத்தார்கள். மண்ணார்க்காட்டு நீதிமன்றம் பதினாறு பேரில் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்று கண்டது 2023 ஏப்ரலில். பதின்மூன்று பேருக்கு ஏழு வருடக் கடூழியச் சிறை. இடையிலிருந்த ஐந்து வருடத்தில் அரச தரப்புச் சாட்சிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் பிறழ்சாட்சி ஆனார்கள். அடிக்கும்போது சுற்றி நின்று பார்த்த ஊர், கூண்டில் ஏறியதும் ஒன்றையும் பார்க்காத ஊராக மாறிப்போயிற்று. சில கிலோ அரிசிக்காக ஓர் உயிர் போனது என்பதைவிட, நியாயம் செய்கிறோம் என்று கிளம்பியவர்களுக்குத் தாங்கள் செய்ததை நீதிமன்றத்தில் சொல்லத் துணிவு வரவில்லை என்பது எனக்கு உறைக்கிறது.

சந்தேகம் எப்போதும் கீழ்நோக்கித்தான் பாயும் என்பதையும் இந்த வழக்குகள் காட்டுகின்றன. மது ஆதிவாசி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் கூட்டம் அடித்துக் கொன்ற மூதாட்டி, குலதெய்வக் கோயிலைத் தேடி அந்தப் பக்கம் வந்த வெளியூர்க்காரர். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 2020 பெப்ரவரி 23ஆம் திகதி கொல்லப்பட்ட அஹ்மட் ஆர்பெரி, கறுப்பின இளைஞர். கட்டிமுடியாத வீடொன்றுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு ஓட்டப்பயிற்சியாக ஓடிக்கொண்டிருந்தவரை, அயலில் களவு நடக்கிறது என்று பேசிக்கொண்டிருந்த தகப்பனும் மகனும் துப்பாக்கிகளோடு வாகனத்தில் துரத்தினார்கள், மகன் சுட்டான். இன்னொரு அயலவர் தன் வாகனத்தில் பின்னாலேயே போய்ப் படம் எடுத்தார். ஆர்பெரியிடமிருந்து களவுப் பொருள் ஒன்றும் கிடைக்கவில்லை. படம் எடுத்தவர் உட்பட மூவருக்கும் ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. குடிமக்கள் கைதுசெய்யலாம் என்று உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1863இல், அந்த மாநிலத்தில் எழுதப்பட்ட சட்டம் 2021இல் நீக்கப்பட்டது. நம் கரையில் இந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்று யோசிப்பது சிரமமில்லை. பழைய இரும்பு பொறுக்க வருகிறவர், துணி மூட்டையோடு வருகிற வியாபாரி, போதைக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டுப் பெடியன், புத்தி பேதலித்து இரவில் அலைகிற ஒருவர். காசும் ஆளும் உள்ள கள்ளனை ஊர் கட்டிவைத்ததாகக் கேள்விப்படுவதே அரிது.

மன்னாரில் பொருளுக்கும் சொந்தக்காரருக்கும் உள்ள உறவு வேறு இடங்களைப் போல நேரானதும் இல்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டி உட்பட இந்தத் தீவின் முஸ்லிம்கள் படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். விட்டுப்போன வீடுகளின் ஓடுகளும் கதவுகளும் தளபாடங்களும் கைமாறின. தமிழ்க் குடும்பங்களும் இடப்பெயர்விலும் அகதி முகாம்களிலும் கடல் கடந்த தமிழகத்திலும் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர்களுடையதும் எங்கெங்கோ போயிருந்தது. காசு கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவர் ஒருபக்கம், அதை அடையாளம் கண்ட பழைய சொந்தக்காரர் மறுபக்கம். இப்படிப்பட்ட மண்ணில் ‘பொருள் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் கள்ளன்’ என்ற கணக்கு இலகுவில் பிழைத்துவிடும். எஞ்சின் விஷயத்திலும் அப்படித்தான். திருடியவன் ஒருவன், கைமாற்றியவன் ஒருவன், பாதி விலைக்கு வாங்கி நிறம் மாற்றி இன்னொரு கரையில் விற்றவன் ஒருவன். தொடரில் ஆகக் கடைசியில் நிற்கிற, ஒன்றும் அறியாத தொழிலாளியிடம்தான் பொருள் இருக்கும். ஊர் அவனைப் பிடித்து அடித்தால் நடுவிலிருக்கிற வியாபாரி பாதுகாப்பாகிவிடுகிறான். எஞ்சினில் தொடர் இலக்கம் இருக்கிறது, படகில் கடற்றொழில் திணைக்களத்தின் பதிவிலக்கம் இருக்கிறது. இந்த இலக்கங்களைப் பிடித்துக்கொண்டு வேறு பொலிஸ் பிரிவுகளுக்கும் பழைய சாமான் கடைகளுக்கும் போய் விற்றவனிடமிருந்து வாங்கியவன்வரை பின்தொடர அதிகாரம் உள்ளவர்கள் பொலிஸார் மட்டுமே. கீரிக் கரையில் நிற்கிற கூட்டத்தால் கற்பிட்டியிலோ சிலாபத்திலோ ஒரு கடையைத் திறந்து பார்க்க முடியாது.

இதுவரை வாசித்தவர் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். எந்தப் பொலிஸ்? முறைப்பாட்டுக்குப் போனால் நாளைக்கு வா என்று சொல்கிற பொலிஸா, தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்கிற பொலிஸா? சோதனைச் சாவடிகளில் முப்பது வருடம் கழித்த ஒரு சமூகத்துக்குச் சீருடையைக் கண்டால் உடம்பு சுருங்குவது இயல்பு. 2025 செப்டெம்பரில் காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் கொண்டுவரப்பட்டபோது போராடிய மக்களுக்கும் பொலிஸாருக்கும் நடந்த மோதல் அந்தச் சுருக்கத்தைப் புதுப்பித்தது. இதைவிடக் கனமான கேள்வியும் உண்டு. 2023 நவம்பரில் களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் பிடித்த சித்தங்கேணி இளைஞர் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தார். ஒழுங்கை அடித்தாலும் சாவு, நிலையம் அடித்தாலும் சாவு என்றால் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வியை எழுப்புகிறவரைச் சட்டம் படி என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. மேலே சொன்ன கோவலன்கூட இங்கே எனக்கு எதிர்ச்சாட்சி. அவனைக் கொன்றது ஊர்க்கூட்டமில்லை, அரச காவலர்.

ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது, அதை வட்டுக்கோட்டை வழக்கே காட்டுகிறது. அந்த இளைஞரைப் பிடித்தவர்கள் யார் என்பதற்குப் பதிவு இருந்தது. அவரை நீதவானிடம் முற்படுத்த வேண்டியிருந்தது. தனக்கு நடந்ததை அவர் வாய்விட்டுச் சொன்ன காணொளி வெளியே வந்தது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை, யாழ்ப்பாண நீதவான் நீதிமன்ற விசாரணை, சட்டத்தரணிகள் திரண்டு வந்து முன்னிலையானது, உத்தியோகத்தர்கள் கைதானது என்று ஒவ்வொரு படியிலும் பிடித்துக் கேட்க ஓர் ஆள் இருந்தார். பொலிஸ் செய்த குற்றத்தை ‘பொலிஸ் செய்தது’ என்று சொல்ல முடிந்தது. ஊர் செய்த குற்றத்தை யார் செய்தார் என்று சொல்வது? 1994இல் சித்திரவதைக்கு எதிரான சட்டம் வந்தது, 1996இல் மனித உரிமைகள் ஆணைக்குழுவை அமைக்கும் சட்டம் வந்தது, தேசிய பொலிஸ் ஆணைக்குழு முறைப்பாடுகளை ஏற்கிறது. இவையெல்லாம் பலவீனமானவை, மந்தமானவை. இருந்தும் அவற்றுக்கு ஒரு கடிதம் எழுதலாம். ஒழுங்கையில் கூடிய கூட்டத்துக்கு முகவரி கிடையாது. பொலிஸ் மோசமாக இருக்கிறது என்பது பொலிஸைத் திருத்து என்பதற்கான வாதம். அதை வைத்துக்கொண்டு நாமே பொலிஸாகிவிட்டால், அதே வன்முறையைக் கேள்வி கேட்க ஆளில்லாத இடத்துக்கு மாற்றி வைக்கிறோம். தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் என்ற பழமொழி நல்ல தண்டல்காரர் இருந்த காலத்தில் உண்டாகியிருக்காது.

நேரம் பற்றிய மறுப்பு இதைவிட எளிமையானது, ஆனால் தொழிலாளிக்கு அதுதான் வலிக்கிறது. எஞ்சின் போனால் அன்றிலிருந்து தொழில் இல்லை. பொலிஸ் கண்டுபிடித்தாலும் அது சான்றுப் பொருளாக நீதிமன்றத்தில் கிடக்கும், வழக்கு முடியும்போது துருப்பிடித்திருக்கும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. வழக்கு நடக்கும்போதே பிணைமுறி எழுதிப் பொருளை உரிமையாளர் பெற்றுக்கொள்ள நீதவானிடம் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் சட்டத்தரணிச் செலவுக்குப் பயப்படுகிறார்கள். கடற்றொழிலாளர் சங்கங்கள் இந்த ஒரு காரியத்துக்காவது கைகொடுத்தால், கள்ளனைத் தேடி இரவு முழுக்க இளைஞர்களை அனுப்புவதைவிடப் பிரயோசனமாக இருக்கும். மறுபக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். அடித்ததற்காக வழக்குக்குள் மாட்டுகிற தொழிலாளி எத்தனை தவணைக்குக் கடலை விட்டு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும்? வெளிநாடு போக நினைக்கிற இளைஞனுக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? டெக்சாஸ் மாநிலத்தில் 2007 நவம்பரில் பக்கத்து வீட்டை உடைத்த இருவரைச் சுட்டுக் கொன்றவரிடம், அவசர அழைப்பை எடுத்தவர் வெளியே போகவேண்டாம், எந்தப் பொருளும் ஒருவரைச் சுடுமளவுக்குப் பெறுமதியில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே அவர்மேல் குற்றப்பத்திரம் வைக்க நடுவர் குழு மறுத்தது. இங்கே அந்தச் சலுகையை எதிர்பார்த்துக்கொண்டு ஒருவரும் இறங்கக் கூடாது.

ஒரு அடி ஒரு அடியோடு நிற்காது என்பதைத்தான் நமது தீவு ஆகக் கவனமாக நினைக்க வேண்டும். மது செத்த அதே 2018 பெப்ரவரி 22ஆம் திகதி, கண்டி மாவட்டத்தின் தெல்தெனியவில் வாகனத் தகராறு ஒன்றில் லொறிச் சாரதி ஒருவரைச் சில இளைஞர்கள் அடித்தார்கள். அடித்தவர்கள் முஸ்லிம்கள், அடிபட்டவர் சிங்களவர். மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்ததும் அயலிலுள்ள திகன பற்றி எரிந்தது, அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்தது, சமூக வலைத்தளங்களை முடக்கியது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் ஒரே வீதியைப் பாவிக்கிற மன்னாரில், ஓர் ஊர்க்காரரை இன்னோர் ஊர்க்காரர் கள்ளன் என்று கட்டிவைத்தால் அது மறுநாள் இரண்டு ஊர்களின் பிரச்சினை, அதற்கடுத்த நாள் இரண்டு சமயங்களின் பிரச்சினை. ஒரே சமூகத்துக்குள்ளும் பழி தானாக அடங்குவதில்லை. மாட்டுவண்டிச் சவாரித் தகராறில் தொடங்கி 2022 ஜூனில் நொச்சிக்குளத்தில் இரண்டு சகோதரர்கள் கொல்லப்பட்ட சம்பவத்தின் தொடர், 2025 ஜனவரி 16ஆம் திகதி மன்னார் நீதிமன்ற வாசலில் துப்பாக்கிச் சூடாக வந்து நின்றது. அங்கே மேலும் இருவர் செத்தார்கள். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரை நாளைக்கே இடமாற்றிவிடுவார்கள், அவரோடு அந்தப் பகையும் போய்விடும். அவர் வெளியாள் என்பது இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வசதி. அயலவர் எங்கும் போகமாட்டார். திருநாளிலும் செத்தவீட்டிலும் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

அயலவருக்குச் செய்ய ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது, ஆனால் அதெல்லாம் கவர்ச்சியில்லாத வேலை. எஞ்சினின் தொடர் இலக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்திருப்பது. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துவது. இரவில் அந்நிய வாகனம் வந்து நின்றால் இலக்கத்தட்டைக் குறித்துக்கொள்வது, 119க்கு அழைப்பது. உடைத்த பூட்டை நாலு பேர் தொட்டுப் பார்க்காமல் அப்படியே விட்டுவைப்பது. ‘இவன்தான் கள்ளன், பகிருங்கள்’ என்று முகநூலில் ஒருவரின் படத்தைப் போடாமல் இருப்பதும் இதற்குள் சேரும். கை வைக்காத அடியும் அடிதான், பதிவை அழித்தாலும் அது வேறெங்கோ கிடக்கும். விழிப்புக் குழுக்கள் வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. விழித்திருப்பதோடு அவர்கள் நின்றுகொண்டால் சரி.

முறைப்பாட்டுக்குப் போகும்போது கூட்டமாகப் போவதில் தவறில்லை. பங்குத் தந்தையோ மௌலவியோ கிராம அலுவலரோ சங்கத் தலைவரோ கூட வந்தால் நாளைக்கு வா என்ற பதில் அவ்வளவு இலகுவாக வராது. வடக்கில் நிர்வாகமும் பதிவுகளும் தமிழில் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் 1988லேயே சொல்லிவிட்டது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லலாம், வாசித்துக் காட்டச் சொல்லலாம், விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்து வைக்க மறுக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சந்தேகம் யார்மேல் என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லலாம், ஆனால் அவன் எடுத்ததைக் கண்டேனா, கண்டதாக யாராவது சொன்னார்களா, அல்லது அவன் எப்படிப்பட்டவன் என்பதால் சொல்கிறேனா என்பதையும் சேர்த்தே பதியச் சொல்ல வேண்டும். மூன்றாவது வகையாக இருந்தால் அதை அப்படியே எழுதச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விசாரிக்கிறவருக்கு அதுவும் ஒரு தகவல்தான்.